‘பேரனுக்கா வாங்குறீங்க?’: மாதிரி ரயில், பெண்கள், வயது

எழும்பூர்_மீட்டர்கேஜ் · ஞாயிறு, காலை 7:10

நேற்று ஒரு கடைக்குப் போயிருந்தேன். என் மாதிரி ரயிலின் 12 மில்லிமீட்டர் டிராக்குக்கு இரண்டு பாயின்ட், அதாவது தடம் பிரியும் துண்டு, வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்கத்தான். கவுன்டரில் இருந்த தம்பி மரியாதையானவர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அப்புறம், “பேரனுக்கா வாங்குறீங்கம்மா? என்ன வயசு?” என்றார். “எனக்குத்தான். அறுபத்திரண்டு” என்றேன். விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்து, பேட்டரியில் ஓடும் ரயில் செட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது வயதில் கேட்டது “சாருக்கா?” நாற்பதில் “பையனுக்கா?” இப்போது “பேரனுக்கா?” என் தலைமுடி நரைக்க நரைக்கக் கேள்வியில் வரும் ஆணின் வயதுதான் மாறியிருக்கிறது. “உங்களுக்கா?” என்று ஒருவரும் கேட்டதில்லை.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். குரோம்பேட்டையிலிருந்து கல்லூரிக்கு மீட்டர் கேஜ் மின்ரயிலில் போய்வந்தவள் நான். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். 1931 முதல் ஓடிய அந்த மின்ரயில் 2004-ல் நின்றபோது, அந்த நடைமேடையை 1:87-ல், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவில், கட்டியே தீருவது என்று முடிவு செய்தேன். எட்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். மரவேலை, ஒயரிங், பெயின்ட் எல்லாம் என் கை. என் கணவருக்கு ரயில் என்றால் டிக்கெட் ஞாபகம் மட்டும்தான் வரும்.

கடைக்காரரை விடுங்கள். இங்கேயும் நாம் அப்படித்தானே பேசுகிறோம்? “வீட்டம்மாவுக்குத் தெரியாமல் பார்சல் வாங்குவது எப்படி” என்ற இழையில் போன வாரம் எத்தனை பதில்! நான் அதில் என்ன எழுதுவது? எங்கள் வீட்டில் பார்சல் வாங்குவதே வீட்டம்மாதான்.

---

நீலகிரி_பல்சக்கரம் · ஞாயிறு, காலை 7:48

டீச்சரம்மா, அந்த இழையை ஆரம்பித்தவனே நான்தானுங்க. “நான் போன பிறகு, வாங்கினதாக நான் சொன்ன விலைக்கே என் வீட்டுக்காரி எல்லாவற்றையும் விற்றுவிடக் கூடாது” என்று எழுதியவனும் நான்தான். மாதிரி ரயில்காரர்கள் இருக்கிற ஊரிலெல்லாம் சொல்லும் பழைய வேடிக்கை அது. எழுபத்திநாலு வயசில் எனக்குப் பொழுது போவதே இங்கே எல்லோரையும் வம்புக்கு இழுப்பதில்தான். அதையும் நிறுத்தச் சொன்னால் எப்படி?

ஆனால் “பேரனுக்கா” என்று என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். வெள்ளைமுடி என்றால் நம்மைத் தாத்தா என்று மட்டுந்தான் பார்க்கிறார்கள்.

---

சால்டர்_புகை · ஞாயிறு, காலை 8:30

ஐயா, உங்களிடம் ஒரு தடவை கேட்டிருப்பார்கள். அம்மாவிடம் முப்பது வருடமாகக் கேட்கிறார்கள்.

மதுரையிலிருந்து எழுதுகிறேன். வயது 24, முப்பரிமாண அச்சில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டியின் மாதிரி செய்கிறேன். பாடகர் ராட் ஸ்டூவர்ட் 23 வருடம் உழைத்துக் கட்டிய லேஅவுட்டை, அதாவது தடமும் ஊருமாக அமைத்த மாதிரி ரயில் உலகத்தை, 2019-ல் வெளியே காட்டினார். எச்.ஓ. அளவு (1:87), 124 அடி நீளம். கச்சேரிக்கு வெளியூர் போனாலும் ஓட்டலில் தனி அறை எடுத்துக் கட்டிடங்கள் செய்வாராம். அப்போது அவருக்கு 74 வயது, உங்கள் வயதுதான். உலகமே பாராட்டியது. அவரிடம் யாரும் “பேரனுக்கா?” என்று கேட்கவில்லை.

அப்புறம் ஐயா, கண்ணுக்கு ‘என்’ (N, 1:160) ஸ்கேல் தெரியாமல்தானே நீங்கள் எச்.ஓ.வுக்கு மாறினீர்கள்?

---

நீலகிரி_பல்சக்கரம் · ஞாயிறு, காலை 8:41

உன் ஸ்கேல் எனக்கு எதுக்கு கண்ணு, என் ஸ்கேல் எனக்குப் போதும். இந்தப் பொழுதுபோக்கில் “என்” என்று ஆரம்பிக்கிறவன் கடைசியில் பெரிய அளவான “ஓ” (O) என்றுதான் முடிப்பான். உனக்கும் ஐம்பது வயசு வரும், அன்றைக்குக் கேட்கிறேன்.

---

லென்ஸ்_பாதை · ஞாயிறு, முற்பகல் 11:05

இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். கண் பரிசோதனைதான் என் தொழில், ‘என்’ ஸ்கேலில் கைவைக்கும் பெண்ணும் நான்தான். வயது 44. போன வருடம்தான் எனக்கும் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வந்தது.

நம்முடைய பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ ஐ.சி.எஃப். பெட்டி ஏறக்குறைய 21.3 மீட்டர். 1:160-ல் அது 13 சென்டிமீட்டர், 1:87-ல் 24 சென்டிமீட்டரைத் தாண்டும். கைப்பிடிக் கம்பியின் தடிமன் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய், பக்கத்தில் இருப்பதற்கு வளைந்து கொடுக்காது. எல்லோருக்கும் வருவது இது.

பலருக்குத் தெரியாதது வெளிச்சக் கணக்கு. அறுபது வயதில் கண்மணி சுருங்கி, லென்ஸ் மஞ்சளித்து, இருபது வயதுக்காரருடைய விழித்திரைக்குப் போகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அதனால் பூதக்கண்ணாடி வாங்குவதற்கு முன் விளக்கை வாங்குங்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நிழல் விழாதபடி. அப்புறம் தலையில் மாட்டும் லென்ஸ். பிளஸ் 4 என்றால் பொருளை 25 சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் பவர் போனால் சால்டரிங் இரும்பு மூக்கைச் சுடும் தூரத்துக்கு வந்துவிடும்.

நிறமும் மாறும். மஞ்சளித்த லென்ஸ் நீலத்தை விழுங்கிவிடும். கண்புரை எடுத்துக்கொண்ட பலர் வீட்டுக்குப் போனதும் முதலில் சொல்வது “எல்லாம் நீலமாகத் தெரிகிறது” என்பதுதான்.

---

நீலகிரி_பல்சக்கரம் · ஞாயிறு, முற்பகல் 11:30

அம்மிணி, இதை நீங்கள் ரெண்டு வருசம் முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? மலை ரயில் பெட்டிக்கு நீலமும் கிரீமும் பூசி, நல்ல பொருத்தம் என்று இங்கே படமும் போட்டேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்து பார்க்கிறேன், ஆறு பெட்டியும் பட்டப்பகலில் மயில்கழுத்து மாதிரி மின்னுகிறது. “பளிச்சென்று இருக்கிறது” என்று நீங்களெல்லாம் அன்றைக்கு எழுதினீர்கள். ஒருத்தராவது “நிறம் தப்பு” என்று சொன்னீர்களா?

---

சால்டர்_புகை · ஞாயிறு, முற்பகல் 11:34

பெரியவர் மனசு நோகக் கூடாது என்றுதான் ஐயா “பளிச்” என்று எழுதினோம்.

---

யாழ்தேவி_76 · ஞாயிறு, மாலை 6:20

டொரொண்டோவில் இப்போதுதான் விடிந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்தேன்.

டீச்சர் அக்கா சொன்னதை ஒட்டி ஒரு பழைய கதை. அமெரிக்காவின் லயனல் கம்பனி 1957-ல் பெண்பிள்ளைகளுக்கு என்று ஒரு ரயில் செட் விட்டது. இளஞ்சிவப்பு என்ஜின், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மிட்டாய் நிறம். விற்கவே இல்லை. ரயில் கேட்ட பிள்ளைக்கு நிஜ ரயில் மாதிரியே இருக்கிற ரயில்தான் வேண்டியிருந்தது. இன்றைக்கு அதே செட்டைச் சேகரிப்பாளர்கள் பெரிய விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

இன்னுமொரு விஷயம், என் மனதில் கிடக்கிறது. ஐந்து வருடம் முன்னம் இங்கே ஒரு கனேடியப் பெரியவர் காலமானார். பேஸ்மென்ட் முழுக்க அவருடைய லேஅவுட். சாமான்களைப் பிரித்து அடுக்கித் தரும்படி அவர் மனைவி கேட்டா, நானும் இரண்டு பேரும் போனோம். எண்பது வயது. தேத்தண்ணி தந்துவிட்டு ஒரு கதிரையில் அமைதியாக இருந்தா. மலையடிவாரத்தில் ஒரு மேப்பிள் காடு, நூற்றுக்கணக்கில் மரம். “உங்கள் கணவர் எவ்வளவு வடிவாகச் செய்திருக்கிறார்” என்றேன். “மரமெல்லாம் நான் செய்தது, வீடுகளும்தான்” என்றா. முப்பது வருடம் கண்காட்சிகளுக்குப் போன லேஅவுட். பெயர்ப்பலகையில் அவருடைய பெயர் மட்டும் இருந்தது. அவருக்குக் கெட்ட மனம் ஒன்றும் இல்லை. அவரிடமும் ஒருவரும் கேட்கவில்லை, அவவிடமும் ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணை, உங்கள் வேடிக்கையை நானும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதிரைக்கு முன்னால் நின்ற பிறகு சொல்ல வாய் வரவில்லை.

---

லென்ஸ்_பாதை · ஞாயிறு, இரவு 7:02

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள மாதிரி ரயில் கண்காட்சி, மினியாட்டூர் வுண்டர்லாண்ட் ஞாபகம் வருகிறது. 2001-ல் பிரவுன் சகோதரர்கள் திறந்தது. தொடங்கும் முன் மக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள்: இன்னின்ன இடங்கள் வந்தால் எதற்குப் போவீர்கள்? மாதிரி ரயிலை ஆண்கள் முன்வரிசையில் வைத்தார்கள். பெண்கள் கடைசியில் தள்ளினார்கள். சகோதரர்கள் திட்டத்தைக் கைவிடவில்லை. ரயிலைச் சுற்றி ஊர், கல்யாணம், திருட்டு, தீயணைப்பு என்று குட்டிக்குட்டிக் கதைகளைப் போட்டார்கள். இப்போது அங்கே குடும்பத்தோடு வரிசையில் நிற்கிறார்கள்.

---

எழும்பூர்_மீட்டர்கேஜ் · ஞாயிறு, இரவு 8:15

> லென்ஸ்_பாதை எழுதியது: ரயிலைச் சுற்றி குட்டிக்குட்டிக் கதைகளைப் போட்டார்கள்

நல்ல யோசனைதான். ஆனால் இதிலிருந்து “பெண்களுக்குக் காட்சி பிடிக்கும், ஆண்களுக்கு என்ஜின் பிடிக்கும்” என்று யாராவது கோடு போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குப் புல் ஒட்டுவதில் பொறுமை இல்லை. பாயின்ட் மோட்டாருக்கு ஒயர் போட உட்கார்ந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் எழுந்திருக்க மாட்டேன். ஹாம்பர்க்கில் அந்தக் கதைகளுக்காக நிற்கும் ஆண்கள் இல்லையா என்ன?

கேலியைப் பற்றி ஒரு வார்த்தை. பல்சக்கரம் ஐயா, நிறுத்தச் சொல்லவே இல்லை. சால்டர் தம்பி உங்கள் கண்ணைக் கிண்டல் செய்கிறான், நீங்கள் அவனைத் திருப்பி அடிக்கிறீர்கள். இரண்டு பேரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் அது விளையாட்டு. வீட்டம்மா வேடிக்கையில் அவர் மட்டும் மேசையில் இல்லை, பதில் சொல்ல வழியும் இல்லை. என் முறைக்கு என்னையும் கிண்டல் செய்யுங்கள். என் நடைமேடையின் ஓடு கோணலாக இருக்கிறது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஒரு வருடமாகக் காத்திருக்கிறேன். பெண் என்று கூச்சப்பட்டு எல்லோரும் “அருமை மேடம்” என்றே எழுதுகிறீர்கள்.

---

சால்டர்_புகை · ஞாயிறு, இரவு 8:22

ஓடு கோணல்தான் அம்மா. கூடவே, மூன்றாவது தூண் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் குட்டை.

---

எழும்பூர்_மீட்டர்கேஜ் · ஞாயிறு, இரவு 8:24

இப்போதுதான் எனக்கு இங்கே ஒரு நாற்காலி கிடைத்த மாதிரி இருக்கிறது. நன்றி தம்பி. தூணை அளந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

---

மட்டுறுத்துநர் · ஞாயிறு, இரவு 9:00

இழை நன்றாகப் போகிறது, பூட்டும் எண்ணம் இல்லை. உறுப்பினர் பக்கத்தில் பெயருக்கு முன்னால் “திரு.” தானாக வந்து விழுவதை இன்று கவனித்தேன். எடுத்துவிட்டேன்.

---

நீலகிரி_பல்சக்கரம் · செவ்வாய், மாலை 4:10

ரெண்டு நாளாக எழுதவில்லை. யாழ்தேவித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். “எந்த என்ஜின் என்ன விலை, யாரிடம் கொடுத்தால் நியாயமான விலை கிடைக்கும் என்று சொல்கிறேன், நீ எழுதிக்கொள்” என்றேன். அவள் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். சுவிட்சர்லாந்திலிருந்து எனக்கு வந்த ஒவ்வொரு பார்சலின் சுங்க ரசீதும் வருச வாரியாக அதில் இருக்கிறது. பார்சல்காரர் மத்தியானம்தான் வருவார். அந்நேரம் நான் தூங்குவேன். கையெழுத்துப் போட்டு வாங்கினது எல்லாம் அவள்தான். “சொன்னால் உங்களுக்குச் சங்கடம்” என்றாள்.

அதோடு விடவில்லை. கூடவே மாடிக்கு வந்தாள். குன்னூருக்குக் கீழே தேயிலைத் தோட்டம் ஒன்று வைத்திருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். திராட்சை பறிக்கும் சுவிஸ் பொம்மைகளுக்குச் சேலை நிறம் பூசி நிறுத்தியது. பார்த்துவிட்டு, “கூடையைத் தோளில் மாட்டியிருக்கிறீர்களே, கயிறு நெற்றியில் அல்லவா வரும்?” என்றாள். அவள் பிறந்ததே குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் லயத்தில்தான். அவள் அம்மா இலை பறித்தவர். முப்பது வருசமாக அந்த மலையைச் செய்துகொண்டிருக்கிறேன். படம் பார்த்தேன், புத்தகம் பார்த்தேன், அந்த மலை ரயிலுக்குச் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை என்ஜினின் வரைபடம்வரைக்கும் வரவழைத்தேன். பக்கத்து அறையில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வேடிக்கையை இனிமேல் எழுத மாட்டேன். இருபது பொம்மைக்கும் கயிறு மாற்ற வேண்டும். என் கை நடுங்குகிறது, அவள் செய்கிறேன் என்கிறாள்.

---

யாழ்தேவி_76 · செவ்வாய், மாலை 5:45

அண்ணை, அக்காவின் பெயரையும் பலகையில் எழுதுங்கோ. இன்றைக்கே.

கை நடுக்கத்துக்கு: முழங்கையை மேசையில் ஊன்றுங்கள், மணிக்கட்டுக்குக் கீழே அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பை வையுங்கள். கனமான பிடியுள்ள தூரிகை லேசானதைவிட நிதானமாக நிற்கும். வெள்ளை உலோகப் பாகங்களுக்கு 70 டிகிரியில் உருகும் ஈயம் இருக்கிறது. சால்டரிங் இரும்பின் சூட்டைக் குறைத்து வைத்தால், கை கொஞ்சம் தாமதித்தாலும் பாகம் உருகிப் போகாது.

---

நீலகிரி_பல்சக்கரம் · செவ்வாய், மாலை 6:03

கையைவிட முழங்கால்தான் பெரிய பாடு. என் லேஅவுட் அறையின் நாலு சுவரையும் சுற்றிப் போகிறது. நடுவில் போய் நிற்க, 90 சென்டிமீட்டர் உயரப் பலகைக்கு அடியில் குனிந்து நுழைய வேண்டும். நாலு மாசமாக உள்ளே போகவில்லை. வெளியே நின்றே ஓட்டுகிறேன். மலையடிவாரத்துக் கல்லாறு பக்கம் தடம் புரண்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

---

எழும்பூர்_மீட்டர்கேஜ் · செவ்வாய், இரவு 7:30

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை ஐயா? கதவு மாதிரித் திறக்கும் பாலம் போட்டால் தீர்ந்தது.

பாலத்தை எந்த இடத்தில் போடுவது என்று முதலில் பார்ப்போம். கல்லாறுக்கு மேல் வேண்டாம். அங்கே என்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல்தண்டவாளம் தொடங்கிவிடுகிறது, ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். அந்த மலை ரயிலின் அப்ட் முறையில் இரண்டு பல்வரிசை ஒன்றுக்கொன்று அரைப் பல் தள்ளி வரும். கதவை மூடும்போது அந்த இரண்டும் ஒவ்வொரு முறையும் துல்லியமாகச் சேர வேண்டும், அரை மில்லிமீட்டர் விலகினால்கூட என்ஜின் ஏறிக் குதிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறுவரை சாதாரணத் தண்டவாளம், தரையும் ஏறக்குறைய சமம். அங்கே வெட்டுங்கள்.

கதவுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். மழைக்காலத்தில் மரம் ஊதும், அதனால் நாலு ஓரத்துக்கும் வார்னிஷ் கட்டாயம். பித்தளைத் தாழ்ப்பாள் இரண்டு, சாதாரண ஜன்னல் தாழ்ப்பாள் போதும். அதுவே கதவை நேராகவும் பிடிக்கும், கரண்டையும் கடத்தும். கதவு திறந்திருக்கும்போது இரண்டு பக்கமும் 30 சென்டிமீட்டர் தடத்துக்குக் கரண்ட் போகாதபடி ஒரு மைக்ரோ சுவிட்ச். இல்லாவிட்டால் எக்ஸ் என்ஜின் தரையில் விழும். சர்க்யூட் வரைந்து நாளை போடுகிறேன்.

---

சால்டர்_புகை · செவ்வாய், இரவு 7:52

சனிக்கிழமை கோயம்புத்தூர் வருகிறேன் ஐயா. ரம்பமும் டிரில்லும் என் பொறுப்பு. குனிவது, பலகைக்கு அடியில் படுப்பது எல்லாம் நான். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து என் ஸ்கேலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

---

லென்ஸ்_பாதை · செவ்வாய், இரவு 8:10

நானும் வருகிறேன். ஈரோட்டிலிருந்து இரண்டு மணி நேரம்தான். விளக்கு இரண்டும் தலைமாட்டி லென்ஸும் கொண்டுவருகிறேன், ஆச்சி கயிறு ஒட்ட உதவும். அந்த மயில்கழுத்துப் பெட்டிகளையும் வெளியே எடுத்து வையுங்கள்.

---

எழும்பூர்_மீட்டர்கேஜ் · செவ்வாய், இரவு 8:31

சென்ட்ரலிலிருந்து எனக்கும் ராத்திரி வண்டி இருக்கிறது, டிக்கெட் என் கணவர் போட்டுவிட்டார். வீட்டில் குனிந்து நுழையும் அந்த இடத்தின் அகலம் எவ்வளவு ஐயா? பிளைவுட்டை இங்கேயே வெட்டிக் கொண்டுவருகிறேன்.

---

நீலகிரி_பல்சக்கரம் · செவ்வாய், இரவு 8:50

61 சென்டிமீட்டர். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவள். “கீல் இடது பக்கம் வரட்டும், நான் டீ டம்ளரோடு வலது பக்கமாகத்தான் வருவேன்” என்கிறாள். முடியுங்களா டீச்சரம்மா?

---

எழும்பூர்_மீட்டர்கேஜ் · செவ்வாய், இரவு 8:53

முடியும். இடது பக்கச் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று மட்டும் அவரையே அளந்து சொல்லச் சொல்லுங்கள்.